சந்தேகம்: மலை ஏறும்போது ரிவர்ஸ் விழவில்லை, கியர் பாக்ஸை இறக்கச் சொல்கிறார்கள்

குன்னூர்வாசி:
வணக்கம். போன வருடம் ஆசைப்பட்டு ஒரு பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். ஆறு கியர், 60,000 கிலோமீட்டர் ஓடியது. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

மூன்று வாரமாக ஒரு தொல்லை. காலையில் எடுத்தால் ஒன்றாவதும் ரிவர்ஸும் ஒழுங்காக விழுகின்றன. மேட்டுப்பாளையம் போய்த் திரும்பும்போது, பர்லியாறு தாண்டி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறினால், ஒன்றாவது கியர் முரண்டு பிடிக்கிறது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று பல் உரசும் சத்தம். இன்ஜினை அணைத்தால் எல்லாக் கியரும் சுலபமாக விழுகின்றன. இது தவிர, இரண்டாவது கியர் மட்டும் குளிர்ந்த காலையில் இறுக்கம்.

பட்டறையில் கியர் பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். கிளட்ச் ஆயில் எங்கும் ஒழுகவில்லை, அதனால் அந்தப் பக்கம் கோளாறு இல்லையாம். இறக்கிவிடலாமா?

கோவைக்காரன்:
கிளட்ச் பிளேட் போயிருக்கும் நண்பா. மலையில் ஹாஃப் கிளட்சிலேயே ஓட்டினால் வேறென்ன ஆகும்? செட்டாக மாற்றிவிடுங்கள்.

பழைய பட்டறை:
தம்பி, அவசரப்பட்டு எதையும் இறக்காதீர்கள். பிளேட் தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் ஏறும், வண்டி ஏறாது, கருகல் வாசனை வரும். உங்களுக்கு நேர் எதிர். கிளட்ச் பெடலை முழுக்க மிதித்தும் பிளேட் பிரியவில்லை, அதனால் இன்ஜின் சுழற்சி கொஞ்சம் கியர் பாக்ஸுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ (கியர் விழும் முன் வேகத்தைச் சமன் செய்யும் வளையம்) கிடையாது, முதலில் கத்துவது அதுதான். இன்ஜினை அணைத்தால் விழுகிறதே, அதுவே பாதிப் பதில்.

இன்று இரண்டு காரியம் செய்யுங்கள். வண்டி சூடாக இருக்கும்போது பெடலை மூன்று நான்கு முறை வேகமாக அடித்துவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கோளாறு ஹைட்ராலிக் பக்கம், அதாவது பெடல் அழுத்தத்தை ஆயில் வழியாகக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் பக்கம். அப்புறம், சமதளத்தில் ஒன்றாவது கியரைப் போட்டு, பெடலை அடிவரை மிதித்து, அசையாமல் அரை நிமிடம் பிடியுங்கள். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்க வேண்டாம், வலது கால் பிரேக்குக்கு மேலே தயாராக இருக்கட்டும். மிதித்த உடனே சும்மா நின்று, கொஞ்ச நேரம் கழித்து வண்டி நகரப் பார்த்தால் சொல்லுங்கள். கிளட்ச் ஆயில் நிறத்தையும் பாருங்கள்.

கோத்தகிரி டீ:
குன்னூரில் சமதளம் தேடுவதற்கே ஒரு நாள் லீவு போட வேண்டும்.

எனக்கும் முன்பு இப்படி வந்தது, எனக்குப் பழைய ஆயில்தான் காரணம். கிளட்சுக்கும் பிரேக் ஆயில்தானே, அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரக ஆயில் என்றால் புதிதில் குறைந்தது 230 டிகிரி கொதிநிலை இருக்க வேண்டும், ஈரம் ஏறியதற்கு 155 டிகிரிதான் வரம்பு. சைலன்ஸர் குழாய்க்குப் பக்கத்தில் ஸ்லேவ் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்தில் கிளட்சைத் தள்ளும் பாகம்) இருக்கும் வண்டியில் ஊர்ந்து ஏறினால் காற்றோட்டம் இல்லாமல் உள்ளே ஆவிக்குமிழி வரும். பெடலை மிதித்தால் குமிழிதான் நசுங்கும், பிளேட் நகராது. ஆறினால் சரியாகிவிடும்.

குன்னூர்வாசி:
அருவங்காடு பக்கம் ஒரு சமதளம் கிடைத்தது! நான்கு முறை பெடல் அடித்ததும் ரிவர்ஸ் சத்தமே இல்லாமல் விழுந்தது. பிடித்துக்கொண்டிருந்தபோது பத்துப் பன்னிரண்டு நொடி சும்மா நின்றது, அப்புறம் மெதுவாக முன்னால் போகப் பார்த்தது. ஆயில் டீ டிகாக்‌ஷன் மாதிரி இருக்கிறது. ஆனால் அளவு குறையவில்லை, ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள்ளும் ஈரமில்லை.

பழைய பட்டறை:
குமிழி மட்டும் என்றால் மிதித்த உடனேயே குறை தெரியும். பிடிக்கப் பிடிக்கப் பிடி விட்டுப்போகிறது என்றால் பெடல் பக்கம் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் கப் வாஷர் (ரப்பர் சீல்) தேய்ந்துவிட்டது. ஆயில் வெளியே வராமல் வாஷரைத் தாண்டி மேலே இருக்கும் ஆயில் டப்பாவுக்கே திரும்பிவிடும். அளவு எப்படிக் குறையும்? ஒழுகலை வெளியே தேடினால் கிடைக்காது. சூட்டில் ஆயில் நீர்த்துப்போவதால் இன்னும் சுலபமாகக் கசியும், நெரிசலில் நாமும் பெடலை மிதித்தபடியே நிற்போம். அதனால்தான் பர்லியாறில் மாட்டுகிறீர்கள், காலையில் மாட்டவில்லை.

மாஸ்டர் சிலிண்டரை மாற்றி, ஆயில் முழுவதையும் மாற்றி ஏர் எடுக்கச் சொல்லுங்கள். பிரேக்குக்கும் இதே டப்பாவா என்று பாருங்கள். அப்படியென்றால் ஏர் எடுக்கும்போது அளவு இறங்க விடக் கூடாது, பிரேக்குக்குள் காற்று போய்விடும். அப்படி மலைப்பாதையில் இறங்க முடியுமா?

இரண்டாவது கியர் தனிக் கதை. நியூட்ரலில் ஒரு முறை கிளட்சை விட்டு மறுபடி மிதித்துப் போடுங்கள், சுலபமாக விழுந்தால் சின்க்ரோ சோர்ந்திருக்கிறது, இல்லை கியர் ஆயில் குளிரில் கெட்டியாகிறது. உள்ளே என்ன ஆயில் என்று தெரியுமா? பித்தளை சின்க்ரோவுக்கு ஜிஎல் 4 ரக கியர் ஆயில் கேட்கும் வண்டியில் ஜிஎல் 5 ஊற்றியிருப்பார்கள், பார்த்திருக்கிறேன்.

கோவைக்காரன்:
சரி அண்ணே, பிளேட் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

குன்னூர்வாசி:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மாஸ்டர் சிலிண்டர் கோயம்புத்தூரிலிருந்து வர நான்கு நாள் ஆனது. நேற்று ஞாயிற்றுக்கிழமை நெரிசலிலேயே வேண்டுமென்று ஏறினேன், நடுவளைவில் நிறுத்தி ரிவர்ஸ் போட்டேன், விழுந்தது. பழையதைப் பிரித்துப் பார்த்தோம், வாஷரின் விளிம்பு ஒரு பக்கம் மழுங்கியிருக்கிறது.

கியர் ஆயில் டப்பா பழைய ஓனரிடம் இருந்தது. ஜிஎல் 5தான். அடுத்த வாரம் மாற்றுகிறேன். அதுவரை இரண்டாவது கியருக்கு இரட்டைக் கிளட்ச். லவ்டேல் வரை காலைக் குளிரில் நல்ல உடற்பயிற்சி.