.357ஆ .44ஆ? மேக்னம் ரிவால்வர் சுட்டவங்க சொந்த அபிப்ராயம் சொல்லுங்க

திருமங்கலத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மதுரை பக்கம் ஒரு கிளப்ல .22 (குண்டோட தடிமன், இன்ச் கணக்குல) பிஸ்டல் சுடுறவன், மெடல் எதுவும் இல்ல, ஆனா விடாம போயிட்டிருக்கேன். வீட்ல அப்பாகிட்ட லைசென்ஸ் .32 ரிவால்வர் இருக்கு, எலெக்சன் வந்தா ஸ்டேசன்ல ஒப்படைக்கிறதும் முடிஞ்சதும் போய் வாங்கிட்டு வர்றதும்தான் அதோட வேலை. வர்ற மே மாசம் டல்லாஸ்ல இருக்க அக்கா வீட்டுக்குப் போறேன், மாமா துப்பாக்கி சுடுற ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டாரு, அங்க வாடகைக்கு .357, .44, .500 எல்லாம் இருக்காம். சாதாரணத்த விட சக்தி ஜாஸ்தியான தோட்டாவத்தான் மேக்னம்னு சொல்றாங்க, சின்ன வயசுலருந்து மேக்னம் மேக்னம்னு கேட்டு வளர்ந்தவன், ஒரு தடவையாச்சும் கையில புடிச்சு சுட்டுப் பாக்கணும்னு ஆசை. நெட்டுல இருக்க எனர்ஜி டேபிள் எனக்கும் பாக்கத் தெரியும்ணே, அது வேணாம். சுட்டவங்க மனசுல என்ன நினைக்கிறீங்க? .22 மட்டுமே சுட்ட கைக்கு .44 தாங்குமா? .357 பழசாப் போச்சுன்னு சிலர் சொல்றாங்களே உண்மையா? .500க்கு காசு செலவழிக்கலாமா?

ஒத்தக்கடை டூ டெக்சாஸ்:

தம்பி, துப்பாக்கி பேசுறதுக்கு முன்னாடி பேப்பர் பேசிருவோம், ஏன்னா இத யாரும் சொல்லாம ரேஞ்சு வாசல்ல போய் நின்னு முழிச்ச நம்மாளுங்கள பாத்திருக்கேன். நீ விசிட்டர் விசாவுல வர்றதா இருந்தா அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சிருக்கக் கூடாது, விதிவிலக்குல ஒண்ணு செல்லுபடியாகுற ஹன்டிங் லைசென்ஸ். நம்ம ஹெச்1பி (வேலை விசா) பசங்க நிறைய பேரு வேட்டைக்கே போகாம அந்த லைசென்ஸ எடுத்து பர்ஸ்ல வச்சிருக்கறது இதுக்குத்தான். சில ரேஞ்சுல கேக்க மாட்டாங்க, கேக்கலங்கறதுக்காக சட்டம் இல்லன்னு ஆகிராது, மாமாவ விட்டு முன்னாடியே போன் போட்டு விசாரிக்கச் சொல்லு.

இப்ப என் அபிப்ராயம். .357 பழசுதான், 1935ல வந்தது, ஆனா பழசாகிப் போகல. அதுல எனக்குப் புடிச்ச விசயமே .357 ரிவால்வர்ல உதை கம்மியான .38 ஸ்பெசல் தோட்டாவும் போட்டு சுடலாம்ங்கறதுதான். ரெண்டுக்கும் குண்டு ஒரே தடிமன், மேக்னத்தோட கேஸ் (தோட்டாவோட வெளிக்கூடு) மட்டும் மூணு மில்லிமீட்டர் சொச்சம் நீளம், அதனாலதான் .38 துப்பாக்கியில மேக்னத்த தெரியாம போட்டுற முடியாது, சிலிண்டர் மூடாது. நீ போன உடனே 4 இன்ச் பேரல் உள்ள ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686 இல்லன்னா ரூகர் ஜிபி100 கேளு, ஒரு கிலோவுக்கு மேல வெயிட்டு இருக்கும், அந்த வெயிட்டுதான் உனக்கு தோஸ்து. முதல் பெட்டி .38 ஸ்பெசல், ட்ரிக்கர் பழகட்டும், பொறவு அதே துப்பாக்கியில 158 கிரெய்ன் (குண்டோட எடை அளவு) மேக்னம். அப்பதான் வித்தியாசம் கையில தெரியும், வெறும் சத்தத்துல இல்ல. டைட்டானியம் ஸ்கேண்டியம்னு லேசான உலோகத்துல செஞ்ச, 350 கிராம் கூட வராத குட்டி .357 ஒண்ண காட்டுவாங்க, தொடாத. ஒவ்வொரு ரவுண்டுக்கும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவுல இருக்க சதையில சுள்ளுன்னு விழும், நாலஞ்சு ரவுண்டுலயே சுடுறதுக்கு முன்னாடி கண்ணு தானா மூட ஆரம்பிச்சுரும், அந்தப் பழக்கம் ஒரு தடவ ஒட்டுச்சுன்னா கிளப்ல நீ பண்ற .22 பிராக்டீசும் சேந்து கெட்டுப்போகும்.

காதுக்கு பஞ்சு மாதிரி ப்ளக்கும் போடு, அதுக்கு மேல காத மூடுற மஃபும் போடு, ரெண்டும். கூரைக்குள்ள இருக்க ரேஞ்சுல .357 போடுற சத்தம் வெளியில கேக்கறது மாதிரி இல்ல, பக்கத்து லேன்ல யாராவது சுட்டாலே நெஞ்சுல வந்து அடிக்கும்.

உசிலை ஆர்மரர்:

ராணுவத்துல ஆர்மரரா (துப்பாக்கிய பழுது பாக்கறவன்) இருந்துட்டு வந்து கொஞ்ச காலம் துப்பாக்கி ரிப்பேர் கடையிலயும் வேலை பாத்தவன், துப்பாக்கியோட வயித்துக்குள்ள என்ன நடக்குதுங்கறத மட்டும் சொல்றேன்.

ரிவால்வர்ல சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல ஒரு மெல்லிசான இடைவெளி எப்பவும் இருக்கும், பேப்பர் நுழையிற அளவு. குண்டு பாயும்போது அந்த இடைவெளி வழியா ரெண்டு பக்கமும் சூடான வாயு கத்தி மாதிரி பீச்சும். .22லயும் .32லயும் அது பெருசாத் தெரியாது. மேக்னத்துல தெரியும். பிஸ்டல் சுடுற பசங்களுக்கு இடது கட்டைவிரல முன்னாடி நீட்டிப் புடிக்கிற பழக்கம் இருக்கு, அந்தப் பிடியோட .460, .500 மாதிரி பெரிய ரிவால்வர தூக்குனா விரல் போயிரும், பயமுறுத்தறதுக்குச் சொல்லல, நடந்திருக்கு. விரல் எல்லாம் சிலிண்டருக்குப் பின்னாடி இருக்கணும், இத ரேஞ்சுல ஒருக்கா வெறும் துப்பாக்கியில புடிச்சுக் காட்டி ஆபீசர்கிட்ட சரியான்னு கேட்டுக்கங்க.

.357 பழசான்னு கேட்டீங்க. அதோட குறை வயசுல இல்ல, அத எந்த உடம்புக்குள்ள அடைக்கிறாங்கங்கறதுல இருக்கு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19னு ஒரு அழகான ரிவால்வர், இடுப்புல மாட்ட லேசா இருக்கணும்னு நடுத்தர ஃப்ரேம்ல செஞ்சது. பேரல் பின்பக்கம் குண்டு நுழையிற வாய் இருக்குல்ல, ஃபோர்சிங் கோன்னு சொல்லுவோம், அதோட அடிப்பக்கத்த இடம் பத்தாம கொஞ்சம் தட்டையா சீவியிருப்பாங்க. 125 கிரெய்ன் லேசான குண்டு, வேகம் ஜாஸ்தி, அத தொடர்ந்து சுட்டா சீவுன அந்த இடத்துல விரிசல் விடும். 158 கிரெய்ன்ல அந்தத் தொந்தரவு கம்மி. பின்னாடி வந்த 686ல ஃப்ரேம பெருசாக்கிட்டான், அந்தப் பேச்சே இல்ல. அதனால வாடகைத் துப்பாக்கின்னாலும் கனமான உடம்பா பாத்து வாங்குங்க.

இன்னொண்ணு, .38 நிறைய சுட்டுட்டு அதே சிலிண்டர்ல .357 போட்டா சில நேரம் உள்ள போகாம அடம்புடிக்கும். கேஸ் முடியிற இடத்துல கரி வளையம் மாதிரி ஒட்டியிருக்கும். கட்டைவிரலால தள்ளி ஏத்தாதீங்க, பிரஷ் போடச் சொல்லுங்க.

வைகைக்கரை:

நான் சென்டர் ஃபயர் பிஸ்டல்ங்கற போட்டி சுடுறவ, .32 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) லாங் வாட்கட்டர்தான் என் தோட்டா, முனை தட்டையா இருக்க டார்கெட் குண்டு. எங்க போட்டியில 7.62ல இருந்து 9.65 மில்லிமீட்டர் வரைக்கும் அனுமதி, ஆனா மேக்னம் கூடாதுன்னே விதி இருக்கு. 2006 தோஹா ஆசிய விளையாட்டுல நம்ம நாட்டு ஜஸ்பால் ராணா 600க்கு 590 அடிச்சு உலக சாதனைய சமன் பண்ணி தங்கம் வாங்குனது இந்த சென்டர் ஃபயர்லதான், அதுல பவருக்கு ஒரு மார்க்கும் கிடையாது, பத்துல விழுந்துச்சா இல்லையாங்கறதுதான். அந்த இடத்துலருந்து வர்றதால எனக்கு மேக்னம் மேல பெரிய மோகம் இல்ல, ஆனா வெறுப்பும் இல்ல, தங்கச்சி வீட்டுக்கு நியூஜெர்சி போனப்ப .357ம் .44ம் சுட்டிருக்கேன்.

தம்பிக்கு நான் சொல்றது வேற. அங்க .327 ஃபெடரல் மேக்னம்னு ஒண்ணு இருக்கும், ரூகர் எஸ்பி101ல வரும், வாடகைக்கு கிடைச்சா கண்டிப்பா சுடுங்க. ஏன்னா அது நம்ம வம்சம்! .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் 1896ல வந்தது, அதோட கேஸ நீட்டி 1984ல .32 ஹெச் அண்ட் ஆர் மேக்னம், அத இன்னும் நீட்டி .327. அந்த ஒரே ரிவால்வர்ல நம்ம .32 லாங்கும் போகும் மத்த ரெண்டும் போகும், அப்பா வச்சிருக்கறதுக்கும் மேக்னத்துக்கும் இருக்க தூரம் ஒரே துப்பாக்கியில ஒரே மேசையில தெரிஞ்சிரும், குட்டி .357ல அஞ்சு ரவுண்டுன்னா இதுல ஆறு. தலைகீழா மட்டும் யாரும் யோசிக்கக்கூடாது, நம்ம .32 ரிவால்வர் அந்த அழுத்தத்துக்கு செஞ்சது இல்ல.

.44 தாங்குமான்னு கேட்டா தாங்கும், கை தாங்கும். தாங்காதது ட்ரிக்கர் விரல். உதை வரப்போகுதுன்னு மூளைக்குத் தெரிஞ்சதும் மணிக்கட்டு முன்னாடியே கீழ அமுக்கும், குண்டு டார்கெட்டுக்கு கீழ போகும். மாமாவ சிலிண்டர்ல ஒண்ணு ரெண்டு சுட்ட காலி கேஸையும் கலந்து போட்டுத் தரச் சொல்லுங்க, உங்களுக்குத் தெரியாம. காலி கேஸ் மேல ஹேமர் விழும்போது பேரல் நுனியில இருக்க முன்சைட்டு அசையாம நின்னுச்சுன்னா நீங்க எந்த மேக்னம் வேணும்னாலும் சுடலாம். தலைய ஆட்டுச்சுன்னா அன்னைக்கு .38ஓட நிறுத்திக்கறது நல்லது.

நத்தம் மலையடி:

எல்லாரும் .357 .327னு பையனுக்கு புத்தி சொல்றீங்க, நான் .44 கட்சி, ஒளிச்சுப் பேச மாட்டேன். டெக்சாஸ்ல வேலை பாத்தப்ப பண்ணைக்காரங்களோட பன்னி அடிக்கப் போயிருக்கேன், அங்க காட்டுப்பன்னி பயிர அழிக்கிற வேகம் இங்க எங்க நத்தம் பக்கம் கடலைக் காட்ட ராத்திரியோட ராத்திரியா உழுது போட்டுட்டுப் போறதுக்கு குறைஞ்சது இல்ல, ஒரே வித்தியாசம் அங்க தோட்டக்காரன் துப்பாக்கி எடுக்கலாம். புதருக்குள்ளருந்து திரும்பி வர்ற பன்னிக்கு முன்னாடி நின்னவனுக்குத்தான் 240 கிரெய்ன் குண்டோட அருமை தெரியும். அகலமான கனமான குண்டு, எலும்புல பட்டாலும் பாதைய விட்டு விலகாம ஆழமா இறங்கும். .357யும் பன்னிய சாய்க்கும், மறுக்கல, ஆனா இடம் கொஞ்சம் தப்புனாலும் மன்னிக்கறது .44தான்.

இதுக்குப் பின்னாடி இருந்த ஆளையும் சொல்லணும். எல்மர் கீத், அமெரிக்காவுல இடாஹோவுல மாடு மேய்ச்ச மனுசன், மேக்னத்துக்கு முன்னாடி இருந்த .44 ஸ்பெசல் தோட்டாவுல வெடிமருந்த ஏத்தி ஏத்தி வருசக்கணக்கா தானே சுட்டுப் பாத்து, இத கம்பெனிக்காரன் செய்யணும்னு ஓயாம எழுதிக்கிட்டே இருந்தாரு. கடைசியில ரெமிங்டன் தோட்டாவும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கியும் 1955 வாக்குல சேந்து வந்துச்சு. வேலைக்காரன் தன் வேலைக்கு வேணும்னு கேட்டு வாங்குன சாமான் அது, அதனாலதான் இத்தன வருசம் ஆகியும் நிக்குது. 1964ல .357க்கும் .44க்கும் நடுவுல .41 மேக்னம் விட்டாங்க, நல்ல தோட்டா, ஆனா துப்பாக்கி .44 சைசுலயே இருந்துச்சு, போலீஸ்காரன் எவன் அந்த கனத்த நாள் பூரா இடுப்புல தூக்குவான், ஓடல.

தம்பி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 629ல 6 இன்ச் பேரல், ரூகர் சூப்பர் ரெட்ஹாக் இருந்தா இன்னும் நல்லது. முதல்ல .44 ஸ்பெசல், பொறவு மேக்னம். ஹேமர பின்னாடி இழுத்து சிங்கிள் ஆக்சன்ல சுடு. கையை விறைப்பா வச்சு எதிர்த்து நிக்காத, முழங்கை லேசா மடங்கியிருக்கட்டும், துப்பாக்கி மேல எழும்புனா எழும்பட்டும், கூடவே போய் கூடவே இறங்கு. வைகைக்கரை அக்கா சொன்ன காலி கேஸ் விசயம் நூத்துக்கு நூறு சரி, அதுல எனக்கும் மறுபேச்சு இல்ல. இன்னும் ஒண்ணு, அந்த ரேஞ்சுல மார்லின் 1894 மாதிரி லீவர் ரைபிள் இருந்தா அதுலயும் ஒருக்கா .44 சுட்டுப் பாரு, அதே தோட்டா தோள்ல வச்சா எம்புட்டு சாதுவா இருக்குன்னு ஆச்சரியப்படுவ.

திருமங்கலத்தான்:

அண்ணே, அக்கா, ஐயா எல்லாருக்கும் ரொம்ப நன்றி. .327 பத்தி நான் கேள்விப்பட்டதே இல்ல, அப்பாகிட்ட சொன்னேன், அவருக்கும் ஆச்சரியம். .500 பத்தி யாரும் சரியா சொல்லலையே? அப்புறம் சுட்ட .44 காலி கேஸ் ஒண்ண ஞாபகத்துக்கு ஊருக்குக் கொண்டு வரலாமா, காலிதானே?

ஒத்தக்கடை டூ டெக்சாஸ்:

.500 கரடிக்காட்டுல வேலை செய்யறவனுக்கும் பெரிய மிருக வேட்டைக்குப் போறவனுக்கும் செஞ்சது, 2003ல வந்தது, நீள பேரல் உள்ளது 2 கிலோ வெயிட்டு, அஞ்சு ரவுண்டு. குண்டோட சக்தி .44ல ஆயிரத்துலருந்து ஆயிரத்து ஐநூறு ஜூல் பக்கம்னா இது மூவாயிரத்த தாண்டும். உதையில துப்பாக்கி மேல எழும்பும்போது சில நேரம் விரல் தானா ட்ரிக்கர இன்னொருக்கா இழுத்து ரெண்டாவது குண்டும் வெடிச்சுரும், அது எந்தத் திசையில போகும்னு சொல்ல முடியாது. அதனால புதுசா சுடுறவனுக்கு சிலிண்டர்ல ஒரே ஒரு ரவுண்டு மட்டும் போட்டுக் குடுக்கணும், உன் மாமா மறந்தாலும் நீ கேட்டு வாங்கு. என்னக் கேட்டா அந்தக் காசுக்கு இன்னொரு பெட்டி .38 வாங்குவேன், .500 தோட்டா ஒவ்வொண்ணும் விலைய பாத்தா உனக்கே மனசு வராது. ஆசை அடங்கலன்னா ஒண்ணு சுடு, நாள் கடைசியில, முதல்ல இல்ல.

காலி கேஸ் கொண்டு வராத. நம்ம ஊர் ஆர்ம்ஸ் ஆக்ட் 1959ல அம்யூனிசன்ங்கறதுல அதோட பாகமும் அடங்கும், ஏர்போர்ட் ஸ்கேனர்ல தெரிஞ்சா பையத் தொறந்து உக்கார வச்சுருவாங்க, விளக்கம் சொல்லி வெளிய வர்றதுக்குள்ள மதுரை கனெக்சன் ஃப்ளைட்டு போயிரும். ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போன பையவே ஊருக்கு வர்றப்ப எடுக்காத, மூலையில ஒரு நிஜத் தோட்டா சிக்கியிருந்தா அது இன்னும் பெரிய வம்பு. டார்கெட் பேப்பர சுருட்டி எடுத்துட்டுப் போ. டல்லாஸ் வந்ததும் இங்க மெசேஜ் போடு, சனி ஞாயிறு ரேஞ்சுல கூட்டம் தாங்காது, செவ்வாய் புதன்ல போவோம், என் 686 கொண்டு வர்றேன்.