சிமெண்ட் தரை போட்டபின் மடிநோய் விடமாட்டேன் என்கிறது

பாரூர்க்காரன்: நான்கு ஜெர்சி கலப்பு மாடுகள். கொட்டகைக்குத் தரை போட்டதிலிருந்து ஒரு மாட்டுக்கு மடிநோய் ஆறுவதும் திரும்ப வருவதுமாக இருக்கிறது. பால் திரிதிரியாக வருகிறது, காம்பைத் தொட்டாலே உதைக்கிறது. பார்க்கவே மனசு கேட்கவில்லை. ஊசி முழுதும் போட்டாயிற்று. தரைதான் கோளாறா?

பாலக்கோடு அக்கா: கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள் தம்பி. 40 அடிக்கு 1 அடியாவது வாட்டம் வேண்டும். இல்லாவிட்டால் மூத்திரம் தேங்கி, மாடு அதிலேயே படுக்கும். கறந்தபின் காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை படுக்க விடாதீர்கள். நான் கறந்த கையோடு தீவனம் வைத்துவிடுவேன், நின்று தின்னும். அப்புறம், கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்குங்கள்.

ஊத்தங்கரை பால்காரர்: நோய் மாட்டைக் கடைசியாகக் கறங்கள். திரிப்பாலைத் தரையில் பீய்ச்சவே கூடாது, இங்கே பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். கன்றுக்கும் ஊட்டாதீர்கள். ஊசி போட்ட மாட்டின் பாலை, மருத்துவர் சொல்லும் நாள்வரை சொசைட்டிக்கு ஊற்ற வேண்டாம்.

பாரூர்க்காரன்: பின்பக்கம் தேங்கத்தான் செய்கிறது அக்கா. கொத்தனாரைக் கூப்பிடுகிறேன். அதுவரை தென்னைநார்க் கழிவு பரப்பலாமா?

பாலக்கோடு அக்கா: நன்றாகக் காய்ந்ததென்றால் சரி. ஈரமானதும் அள்ளிவிடுங்கள்.