பி.டி.ஓ. ஆபீஸ் வந்து டெல்டாவில் என்ன விளைந்தது?

மன்னை_சிங்கை: சிங்கப்பூரைப் பாருங்கள். 1960-ல் வீட்டு வசதிக் கழகம், 1961-ல் பொருளியல் வளர்ச்சிக் கழகம். இரண்டே கழகம், ஊரே மாறிவிட்டது. இங்கே 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம், அப்புறம் பி.டி.ஓ. என்ற வட்டார வளர்ச்சி அதிகாரி, ஊர் ஊராகப் போய் விவசாயம் சொல்லித்தரும் கிராம சேவக் என்று ஒரு படையே வந்தது. தஞ்சை ஜில்லாவில் இவர்களால் ஒரு மணி நெல் கூடுதலாக விளைந்ததா?

வடவாற்றான்: விளைந்தது ஐயா. 1960-ல் நாடு முழுக்க ஏழு ஜில்லாவைப் பொறுக்கி எடுத்து 'பேக்கேஜ் புரோகிராம்' தொடங்கினார்கள். அதில் நம்ம தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், கூட்டுறவுக் கடன் எல்லாம் சேர்ந்து வந்தன. பிறகு ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி.-27, 105 நாள் குறுவை நெல் ரகம். அதை வயலில் கொண்டுபோய்ச் சேர்த்தது என் அப்பா மாதிரி கிராம சேவக்குகள்தான், வரப்பு வரப்பாக நடந்து. சிங்கப்பூரில் நடக்க வரப்பு எங்கே இருக்கிறது?

கடைமடை: வரப்பில் நடந்தாரா? எங்கள் ஊருக்கு வந்த சேவக், சைக்கிளைப் பண்ணையார் வீட்டுத் திண்ணைத் தூணில் சாய்த்துவிட்டு உட்காருவாராம். செம்பில் மோர் வரும். 'செயல்விளக்கம் நடந்தது' என்று டைரியில் எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார். தாத்தா சொல்லிக் கேட்டது. திண்ணையைத் தாண்டி எங்கள் தெருவுக்கு அவர் வந்ததே இல்லை.

வடவாற்றான்: தம்பி, ஒருத்தர் மோர் குடித்தார் என்பதற்காக எல்லாரையும் திண்ணையில் உட்கார வைக்காதே. ஜப்பான் முறை வரிசை நடவுக்கு என் அப்பா முழங்கால் சேற்றில் இறங்கிக் கயிறு பிடித்துக் காட்டியவர். உரம் போட்டால் மண் செத்துவிடும் என்று சண்டைக்கு வந்தவர்களையும் சமாளித்தவர். அந்தக் காலத்துச் சம்பளத்துக்கு இன்றைக்கு எவனாவது செய்வானா?

கடைமடை: கயிறு யார் வயலில் பிடித்தார்? பட்டா இருந்தவர் வயலில். குத்தகைக்காரனுக்குப் பதிவில் பேரே கிடையாது. குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமே 1969-ல்தான் வந்தது. அதுவரை கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டால் மிராசுதாரைக் கூட்டி வா என்பார்கள். உங்கள் பேக்கேஜ் திண்ணையிலேயே பிரிக்கப்பட்டுவிட்டது. மகசூல் கூடியது என்கிறீர்களே, 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்களே, அது நெல் கூலி கூடக் கேட்ட தகராறில் வந்ததுதானே?

வடவாற்றான்: வெண்மணிக்கும் கிராம சேவக்குக்கும் என்ன சம்பந்தம்? நிலத்தைப் பங்கு போடுவது சட்டசபை வேலை. 1961-ல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துப் போடும் கணக்கு) என்று போட்டார்கள், 1970-ல் 15 ஆக்கினார்கள். இடையில் மிராசு குடும்பங்கள் என்னென்ன பேரில் எழுதிக்கொண்டன என்று ஊருக்கே தெரியும். அதை சைக்கிளில் வந்தவரா தடுக்க முடியும்?

மன்னை_சிங்கை: இதைத்தான் நானும் சொல்கிறேன், நம் அதிகாரிக்கு அதிகாரமே இல்லை. மலேசியாவில் துணைப் பிரதமராக இருந்த துன் ரசாக் ஜில்லாவுக்கு ஒரு சிவப்புத் திட்டப் புத்தகம் வைத்து, வரைபடம் மாட்டிய அறையில் ஆபீசர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். 1956-லேயே ஃபெல்டா என்ற அரசு நிலக் குடியேற்ற அமைப்பைத் தொடங்கி, காட்டைத் திருத்தி நிலமில்லாதவருக்கு ரப்பர் நிலம் கொடுத்தார்கள்.

வடவாற்றான்: யாருக்கு? குடியேறியவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப்போய் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய நம் சனத்துக்கு என்ன கிடைத்தது? அதைச் சொல்லாமல் சிவப்புப் புத்தகம் காட்டுகிறார்.

கடைமடை: அங்கே நம் சனம் என்று உருகத் தெரிகிறது. இங்கே கீழத்தெரு மட்டும் கண்ணில் படவில்லை. திண்ணைக்கு இன்னும் பதில் வரவில்லை.

குடந்தைக்காரன்: நிர்வாகத்தைப் பற்றித் தலைப்பு வைத்தீர்களே, இதற்குப் பதில் சொல்லுங்கள். 1991-ல் நாகை, 1997-ல் திருவாரூர், 2020-ல் மயிலாடுதுறை எல்லாம் மாவட்டம். கும்பகோணம் மட்டும் என்ன பாவம் செய்தது?

மன்னை_சிங்கை: ஆரம்பித்துவிட்டார். மகாமகத்துக்கு ஒரு மாவட்டமா?

குடந்தைக்காரன்: நீங்கள் சாங்கி ஏர்போர்ட்டில் இறங்குங்கள் சார். கலெக்டரிடம் மனு கொடுக்கத் தஞ்சாவூருக்கு பஸ்ஸில் தொங்குவது நாங்கள்.

வடவாற்றான்: மாவட்டப் பேச்சுக்கு வேறு இழை தொடங்குங்கள். கடைமடைத் தம்பி, நீ எந்த ஊர்? அப்பாவின் டைரிகள் அத்தனையும் வீட்டில் இருக்கின்றன. எந்தெந்தத் தெருவுக்குப் போனார் என்று தேதியோடு போடுகிறேன்.

கடைமடை: டைரி எழுதிய இடத்தைத்தானே இவ்வளவு நேரம் சொல்கிறேன்.

வடவாற்றான்: முதலில் ஊர்ப் பேரைச் சொல்.