பொருள்: யூட்ரோபிகேஷன் – ‘ஊட்டப்பெருக்கு’ எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். நீர்நிலைக்கு நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகள் கூடுதலாக வந்து சேர்ந்து, பாசி முதலியவை கொழுத்துப் பெருகுவதையே யூட்ரோபிகேஷன் (eutrophication) என்கிறோம். அதற்குத் தமிழ்ச்சொல் தேடி நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> ‘பாசிப்பெருக்கம்’ என்றே வைத்துவிடலாமே ஐயா? யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அம்மா, நீர் பச்சையாகக் குழம்பும் நிகழ்வுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே வழங்குகிறது. அதையே இதற்கும் வைத்தால், ஆழம் குறைந்த கழிமுகங்களில் அது நம் காலை வாரிவிடும்.

அங்கே வெயில் தரைமட்டம் வரை எட்டும். ஆகவே நைட்ரஜன் கூடுதலாக வந்து சேரும்போது முதலில் கொழுப்பது மிதக்கும் நுண்பாசியாகத்தான் இருக்கும் என்றில்லை. தரையில் மெத்தைபோலப் படரும் உல்வா என்னும் பச்சைக் கடற்பாசி முந்திக்கொள்ளலாம். கடற்புல்லின் இலைமேல் வழவழவென்று ஒட்டும் படலம் முந்திக்கொள்ளலாம். வருகிற நைட்ரேட்டையும் அம்மோனியத்தையும் இவை உடனுக்குடன் உறிஞ்சிவிடும். நீரை மொண்டு சோதித்தால் பச்சையமும் குறைவாக இருக்கும், கரைந்த நைட்ரஜனும் குறைவாக இருக்கும். நீர் நன்றாக இருப்பதாக அறிக்கை போகும். அடியிலோ, வெளிச்சம் கிடைக்காமல் கடற்புல் செத்துக்கொண்டிருக்கும். ‘பாசிப்பெருக்கம்’ என்று படித்து வளரும் மாணவர் பச்சை நீரைத்தான் தேடுவார். இந்தக் கழிமுகம் அவர் கண்ணில் படவே படாது.

ஆக்சிஜனும் இப்படித்தான் ஏமாற்றும். ஆழமான விரிகுடாக்களில் மேல்நீரும் அடிநீரும் கலக்காமல் அடுக்காக நிற்பதால், அடியில் வாரக்கணக்கில் ஆக்சிஜன் இல்லாமல் போகிறது. ஆழமற்ற இடத்தில் காற்றும் அலையும் நீரைக் கலக்கிவிடும். அங்கே ஏற்ற இறக்கம் அன்றாடம் நடக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கு அளந்தால், ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் அளவு செறிவெல்லையையும், அதாவது நீர் இயல்பாகக் கரைத்துவைக்கும் அளவையும், தாண்டி நிற்கும். இரவெல்லாம் அதே பாசிகளும் நுண்ணுயிர்களும் மூச்சு விட்டு, விடியும் முன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே தள்ளிவிடும். மீனும் நண்டும் திணறுவது அந்த வேளையில்தான். அளப்பவர்களோ பெரும்பாலும் பகலில்தான் படகை எடுக்கிறார்கள்.

> ‘மிகையூட்டம்’ போதாதா?

போதாது என்பது என் கருத்து. ‘மிகை’ என்பது எல்லை தாண்டிவிட்ட நிலையைச் சொல்லும். கடல்சூழலியலாளர் ஸ்காட் நிக்சன் 1995இல் தந்த வரையறை வேறு: ஒரு சூழலமைப்புக்குக் கரிமப் பொருள் வந்து சேரும் வேகம் கூடுவதே யூட்ரோபிகேஷன். அது ஒரு நிகழ்வு. தெளிந்த நீரிலும் அது தொடங்கியிருக்கலாம். இன்னும் எந்த எல்லையையும் தாண்டாமலும் இருக்கலாம். தடுத்து நிறுத்த வேண்டியது அந்தக் கட்டத்தில்தான். இலங்கை வழக்கிலுள்ள ‘நற்போசணையாக்கம்’ நிகழ்வைச் சரியாகவே சொல்கிறது; கிரேக்க மூலத்துக்கும் நேரானது. ஆனால் அந்த ‘நல்’ இங்கே உதவவில்லை.

‘தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதல்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். கழிமுகங்களிலும் கடலோரத்திலும் பெரும்பாலும் நைட்ரஜன்தான் வளர்ச்சிக்குக் கடிவாளம் என்பது உண்மை. ஏரிகளில் பெரும்பாலும் அது பாஸ்பரஸ், அதாவது மணிச்சத்து. ஒரே கழிமுகத்தில் பருவத்துக்குப் பருவம் இரண்டும் மாறுவதுண்டு. சொல் எந்தச் சத்தின் பெயரையும் சுமக்காமல் இருப்பதே நல்லது.

ஆகவே என் பரிந்துரை ‘ஊட்டப்பெருக்கு’. வரத்துக் கூடிக்கொண்டே போவதை ‘பெருக்கு’ சொல்லிவிடுகிறது. பெருக்கு என்றால் நல்லதாகத் தொனிக்கிறதே என்றால், வெள்ளப்பெருக்கை யாரும் நல்லதென்று கொள்வதில்லை. நீரில் ஊட்டம் எவ்வளவு என்னும் நிலைகளைக் குறிக்க அருகூட்டம் (குறைவு), இடையூட்டம் (நடுத்தரம்), நிறையூட்டம் (நிறைவு) என்று வரிசை வைக்கலாம். அதன் உச்சியில் ‘மிகையூட்டம்’ தன் இடத்தில் இருந்துகொள்ளட்டும்.

காரணத்துக்கும் விளைவுக்கும் தனிப்பெயர் வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். சாக்கடை, உரம், புகைவழியாக வந்து படியும் நைட்ரஜன் எல்லாம் சேர்ந்தது ‘ஊட்டமாசு’. அதனால் நடப்பது ஊட்டப்பெருக்கு. அதன் விளைவுகளில் ஒன்று ‘உயிர்வளிக்குறை’, அதாவது நீரில் ஆக்சிஜன் குறைவது. மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தால், மாசு வரத்தைக் குறைத்த மறுவருடமே கழிமுகம் ஏன் தேறவில்லை என்ற கேள்விக்கு நம்மால் தமிழில் பதில் எழுத முடியாது. ஃப்ளோரிடாவின் டாம்பா விரிகுடாவைப் பாருங்கள். அதன் சராசரி ஆழம் நான்கு மீட்டருக்கும் குறைவு. 1980 வாக்கில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பை மேம்படுத்தி நைட்ரஜனை வெகுவாகக் குறைத்தார்கள். கடற்புல் பரப்பு 1950களின் அளவை ஒட்டி வைத்த இலக்கைத் தொட்டது 2014 கணக்கெடுப்பில்தான். அதற்கும் பிறகு சில ஆண்டுகளில் மறுபடி சரிந்தது. பொதுவாகவே, வரத்தை நிறுத்தினாலும் சேற்றில் பல ஆண்டுகளாகத் தங்கிய சத்து திரும்ப நீருக்கு வந்துகொண்டிருக்கும். ஆக்சிஜன் இறங்கும்போது இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸும் அவிழ்ந்துவிடும். ‘ஊட்டமாசு குறைந்துவிட்டது, ஊட்டப்பெருக்கு இன்னும் ஓயவில்லை’ என்று ஒரே வரியில் எழுத முடிய வேண்டும்.

எனக்கு உறுத்துவது ‘ஊட்டமாசு’ மட்டும்தான். ஊட்டத்தால் வரும் மாசு என்று நான் கொள்கிறேன். ஊட்டத்தில் கலந்த மாசு என்றும் ஒருவர் பிரித்துவிடலாம். சொற்கள் சேரும் தொகைநிலை இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம். மற்ற இரண்டையும் அடுத்த கட்டுரையிலேயே புழங்கத் தொடங்குகிறேன்.

அன்புடன்