முதலாண்டு மாணவர்களுக்கு மின்னியலையும் மின்னணுவியலையும் எங்கிருந்து தொடங்குவது?

கொங்குநாட்டு விரிவுரையாளர் கேட்டது:

வணக்கம். கோவைக்கு அருகிலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியில், முதலாண்டு மாணவர்களுக்கு அடிப்படை மின்னியல், மின்னணுவியல் பாடத்தை மூன்று ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். வகுப்பில் அறுபது பேர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்கள். பாடம் ஓம் விதியில் தொடங்கி, கிர்க்காஃப் விதிகள், மாறுதிசை மின்னோட்டம், மின்மாற்றி, மோட்டார் என்று சென்று, செமஸ்டரின் பிற்பாதியில் டையோடு, டிரான்சிஸ்டர், லாஜிக் கேட் ஆகியவற்றுக்கு வருகிறது.

மூன்று கண்ணிகள் கொண்ட மின்சுற்றைக் கரும்பலகையில் வரைந்து கொடுத்தால் மாணவர்கள் சமன்பாடுகளை எழுதிப் பிழையின்றித் தீர்த்துவிடுகிறார்கள். ஆனால் சென்ற மாதம், சுற்றாமல் முனகிக்கொண்டிருந்த வகுப்பறை மின்விசிறியைக் காட்டி, அது ஏன் நிற்கிறது என்று கேட்டேன். "கெப்பாசிட்டர் போய்விட்டது" என்று ஒரு மாணவர் சரியாகவே சொன்னார். ஊரில் எலக்ட்ரீஷியன் மாற்றுவதைப் பார்த்திருக்கிறாராம். கெப்பாசிட்டருக்கும் சுற்றுவதற்கும் என்ன தொடர்பு என்ற அடுத்த கேள்விக்கு வகுப்பே அமைதியாகிவிட்டது. நான் கற்பித்த பாடமும் தலைக்கு மேல் தொங்கும் விசிறியும் வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தவை என்றே அவர்கள் நினைக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த செமஸ்டரில் முதல் இரண்டு வாரங்களைப் பாடத்திட்டத்தின் வரிசையிலிருந்து சற்று விலகிப் பயன்படுத்தத் துறைத்தலைவர் இசைந்துள்ளார். அந்த நாட்களில் எதைக் காட்டி, எதைச் செய்யவைத்து இத்துறையை அறிமுகப்படுத்தலாம்? எல்லோரும் கையாளும் தண்ணீர்த் தொட்டி உவமையை நான் கைவிட வேண்டுமா?

மீட்டர் வாத்தியார் எழுதியது:

முப்பது ஆண்டுகள் இதே பாடத்தை நடத்தி ஓய்வுபெற்றவன் நான். கடைசிப் பத்தாண்டுகளில் என் முதல் வகுப்பு கரும்பலகையில் தொடங்கியதில்லை. மாணவர்களின் வீட்டு மின்மீட்டரில்தான் தொடங்கியது. மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மின்னுவதையும், ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மின்னும் என்பது அருகிலேயே அச்சிடப்பட்டிருப்பதையும் பெரும்பாலோர் கவனித்திருக்க மாட்டார்கள். பல மீட்டர்களில் அந்த எண் 3200, சிலவற்றில் 1600. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்தில் விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி வரச் சொல்வேன். 1000 வாட் என்றால் ஒரு மணி நேரத்தில் ஒரு யூனிட். ஆகவே மணிக்கு 3200, நிமிடத்துக்குச் சுமார் 53 வர வேண்டும்.

எல்லோருக்கும் 53 வராது என்பதுதான் இந்தப் பயிற்சியின் அருமை. சிலருக்குப் பாதியிலேயே மின்னுவது நின்றுவிடும். பெட்டிக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் வேலை செய்ததை அவர்களாகவே கண்டுபிடிப்பார்கள். ஓர் ஆண்டு, கிராமத்திலிருந்து வந்த ஒரு மாணவி 40 என்று எழுதி வந்தாள். மீட்டர் பழுது என்று தந்தையிடமும் சொல்லிவிட்டாள். மாலை ஏழு மணிக்கு, தெருவெல்லாம் மோட்டார் ஓடும் நேரத்தில் எண்ணியிருக்கிறாள். அவள் வீட்டில் அப்போது வோல்டேஜ் 200 என்று வைத்துக்கொண்டால், 230க்குப் பதில் 200 கிடைக்கும்போது மின்னோட்டமும் சேர்ந்து குறைவதால், திறன் அந்த விகிதத்தில் அல்ல, அந்த விகிதத்தின் வர்க்கத்தில் குறைகிறது. 1000 வாட் ஏறத்தாழ 756 வாட்டாகிறது. அதற்குரிய எண்ணிக்கை சரியாக நிமிடத்துக்கு 40. ஓம் விதியை நான் அன்று தனியாக நடத்தவே வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வகுப்பில், கழற்றிப்போட்ட இரண்டு மீட்டர்களை மேசையில் வைப்பேன். பழையதில் அலுமினியத் தட்டு ஒன்று இருக்கும். புதியதில் சுழலும் பாகமே இராது; மின்னோட்டம் ஒரு சிறு உலோகப் பட்டையின் வழியே செல்லும்போது எழும் மில்லிவோல்ட்டையும், மின்தடைகளால் குறைக்கப்பட்ட மின்னழுத்தத்தையும் ஒரு சில்லு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்து பெருக்கிக் கூட்டிக்கொண்டே இருக்கும். மின்னியலும் மின்னணுவியலும் எங்கே பிரிகின்றன என்று கேட்கும் மாணவரிடம் இந்த இரண்டு மீட்டர்களையும் கொடுத்துவிடலாம்.

பழைய மீட்டர் உங்கள் விசிறிக் கேள்விக்கும் விடை வைத்திருக்கிறது. அந்தத் தட்டைச் சுழற்றுவது, ஒன்றுக்கொன்று காலத்தில் சற்று முந்தியும் பிந்தியும் எழுந்து தணியும் இரண்டு காந்தப்புலங்கள். விசிறியிலும் இரண்டு சுருள்கள் உண்டு. கெப்பாசிட்டர் அவற்றுள் ஒன்றின் மின்னோட்டத்தை முந்தச் செய்வதால்தான் சுழலும் புலம் உருவாகிறது. அது பழுதானால் புலம் ஒரே கோட்டில் துடிக்குமே தவிரச் சுழலாது; இரு திசையிலும் சமமாக இழுப்பதால் விசிறி முனகிக்கொண்டு நிற்கிறது. கையால் தள்ளினால் தள்ளிய திசையில் மெல்லச் சுற்றும் என்பது ஊரில் பலரும் கண்டதே, ஆனால் மாணவர்களைச் செய்து பார்க்கச் சொல்லாதீர்கள்.

தண்ணீர்த் தொட்டி உவமையை ஒரே ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு என்று பிரித்துக் காட்ட அதைவிட நல்லது இல்லை. அதற்கு மேல் இழுத்தால் கேடு விளையும்: குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், கம்பியை வெட்டினால் மின்னோட்டம் நின்றுவிடும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் செல்லும்போது எலக்ட்ரான்கள் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரம்கூட நகர்வதில்லை. ஆனாலும் சுவிட்சைப் போட்டவுடன் விளக்கு எரிகிறது. இந்த முரணை வகுப்பில் சொல்லிவிட்டு, விடையை மறுநாள் வரை சொல்லாமல் இருங்கள்.

துணைமின்நிலையத்தான் எழுதியது:

மேலே சொல்லப்பட்டதோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மீட்டருக்கு இந்தப் பக்கம் வீடு என்றால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று மாணவர்கள் கேட்க வேண்டும். முடிந்தால் ஒரு துணைமின்நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால் கல்லூரி வாசலில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரே போதும். மேலே 11 கிலோவோல்ட் மூன்று கம்பிகளில் வருகிறது, கீழே நான்கு கம்பிகள் புறப்படுகின்றன. நான்காவது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி ஒரு வகுப்புக்குப் போதுமானது.

எதற்காக இவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் என்பதை வசனமாகச் சொல்லாமல் கணக்காகப் போடச் சொல்லுங்கள். ஓர் ஓம் தடையுள்ள கம்பியில் 10 கிலோவாட்டை 230 வோல்ட்டில் அனுப்பினால் ஏறத்தாழ 43.5 ஆம்பியர் ஓடும். கம்பியிலேயே சுமார் 1890 வாட் சூடாகப் போய்விடும். அதே திறனை 11 கிலோவோல்ட்டில் அனுப்பினால் இழப்பு ஒரு வாட்டுக்கும் குறைவு. இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்த மாணவர் அதன்பின் மின்மாற்றியை ஓர் அத்தியாயத்தின் தலைப்பாக மட்டும் பார்க்க மாட்டார்.

இன்னொன்று, 50 ஹெர்ட்ஸ் என்பது பாடப்புத்தகத்தில் அச்சடித்த மாறிலி அன்று என்பதையும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். பயன்பாடு உற்பத்தியை மிஞ்சினால் ஜெனரேட்டர்கள் வேகம் குறைகின்றன, அதிர்வெண் இறங்குகிறது. 2012ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களில் வட இந்தியா இருளில் மூழ்கியபோது தென்னகம் தப்பியதற்குக் காரணம், அன்று தென்மண்டலம் மற்றவற்றோடு ஒரே அதிர்வெண்ணில் பிணைக்கப்படாமல், நேர்த்திசை மின்னோட்ட (டி.சி.) இணைப்புகள் வழியாகவே மின்சாரத்தைப் பரிமாறிக்கொண்டது. அந்தப் பிணைப்பு 2013 டிசம்பர் 31 அன்றுதான் ஏற்பட்டது. அந்த நேர்த்திசை இணைப்புகளின் உள்ளே இருப்பவை தைரிஸ்டர்கள் என்னும் அரைக்கடத்திச் சுவிட்சுகள், அதாவது மின்னணுவியல்.

சாலிடர்க்காரன் எழுதியது:

நான் இங்கே சற்று மாறுபடுகிறேன். மீட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் பார்ப்பதற்கு உரியவை. தொடுவதற்கு உரியவை அல்ல. பதினெட்டு வயதில் ஒருவருக்கு இத்துறையின்மீது பற்று ஏற்படுவது, தான் இணைத்த ஒன்று வேலை செய்யும்போதோ, இன்னும் நன்றாக, வேலை செய்யாமல் போய்ப் பிறகு காரணம் பிடிபடும்போதோதான். ஆகவே முதல் வாரத்திலேயே ஆளுக்கொரு ப்ரெட்போர்டு (சாலிடர் இல்லாமல் பாகங்களைச் செருகி இணைக்கும் பலகை), 9 வோல்ட் பேட்டரி, எல்.இ.டி., சில மின்தடைகள், ஒரு மல்டிமீட்டர் ஆகியவற்றைக் கொடுங்கள். எல்.இ.டி.யைத் தலைகீழாக மாட்டியவர், மின்தடை இல்லாமல் மாட்டி எரித்தவர் ஆகிய இருவரும் அன்றைய பாடத்தை மறக்கவே மாட்டார்கள்.

அதன்பின் ஒரு செல்போன் சார்ஜரைப் பற்றிப் பேசுங்கள். ஒரு காலத்தில் ரேடியோவோடு வந்த அடாப்டர் கையில் கனத்தது. இன்றைய சார்ஜர் பல மடங்கு திறன் தந்தும் தீப்பெட்டி போல் இருக்கிறது. பழையது 50 ஹெர்ட்ஸில் இரும்பு உள்ளகம் கொண்ட மின்மாற்றியை நம்பியிருந்தது. புதியது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை முதலில் ஒரே திசைக்குத் திருத்தி, அதன் உச்ச மதிப்பான ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னழுத்தமாக்கி, ஒரு டிரான்சிஸ்டரால் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, மிகச் சிறிய ஃபெரைட் மின்மாற்றிக்கு அனுப்புகிறது. அதிர்வெண் உயர்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளகம் தாங்க வேண்டிய காந்தப்பாயம் குறைகிறது. அதனால் உள்ளகமும் சிறுக்கிறது. 1831இல் ஃபாரடே கண்ட விதி, டையோடு, டிரான்சிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் இந்தச் சிறு பெட்டிக்குள் கூடியிருக்கின்றன. மின்சாரத்தில் மாட்டிய சார்ஜரை எவரும் திறக்கக் கூடாது, கழற்றிய பின்னும் அந்த 325 வோல்ட் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கலாம் என்பதை இருமுறை சொல்லுங்கள். அறுத்துப் பிரித்த, நெடுநாள் கிடந்த பழைய சார்ஜரையே வகுப்புக்குக் கொண்டுபோங்கள்.

உங்கள் விசிறிக்கும் இப்போது ஒரு தம்பி வந்துவிட்டான். சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கும் இடத்தில், பி.எல்.டி.சி. (தூரிகையற்ற நேர்மின் மோட்டார்) விசிறி 30 வாட் அளவிலேயே அதே காற்றைத் தருகிறது. சுழலியில் நிலைக்காந்தம், சுழலும் புலத்தை உருவாக்குவது கெப்பாசிட்டர் அல்ல, ஒரு மைக்ரோகண்ட்ரோலரும் ஆறு டிரான்சிஸ்டர்களும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, கம்பியைக் கவ்விப் பிடித்து அளக்கும் டாங் டெஸ்டரால் மின்னோட்டத்தை அளந்து காட்டுங்கள்.

கொங்குநாட்டு விரிவுரையாளர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மீட்டர் எண்ணிக்கைப் பயிற்சியை நேற்று என் வீட்டிலேயே செய்து பார்த்தேன். 49 வந்தது, வோல்டேஜை அளந்தால் 220. இன்னொரு ஐயம்: நியூட்ரலும் எர்த்தும் டிரான்ஸ்ஃபார்மரிலேயே ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும்போது, வீட்டில் எதற்காக இரண்டு கம்பிகள் என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்கிறார்கள். பாதுகாப்புக்காக என்று சொல்லித் தப்பித்து வந்திருக்கிறேன்.

துணைமின்நிலையத்தான் எழுதியது:

தப்பிக்க வேண்டாம், அது மிக நல்ல கேள்வி. நியூட்ரல் எப்போதும் மின்னோட்டத்தைச் சுமக்கும் திரும்பும் பாதை. ஆகவே டிரான்ஸ்ஃபார்மரில் சுழியமாக இருந்தாலும், கம்பியின் நீளத்தில் அதற்கும் சில வோல்ட் ஏறியிருக்கும். நடுவில் எங்காவது அறுந்தால், வீட்டில் ஒரு விளக்கு சுவிட்ச் போட்டிருந்தாலே போதும், அறுந்த இடத்துக்கு வீட்டுப் பக்கமுள்ள நியூட்ரல் முழு 230 வோல்ட்டுக்கு உயர்ந்துவிடும். கிரைண்டரின் உலோக உடலை அந்தக் கம்பியில் இணைத்திருந்தால் என்ன ஆகும் என்று மாணவரையே சொல்லச் சொல்லுங்கள். எர்த் கம்பி பழுது ஏற்படும்போது மட்டுமே மின்னோட்டத்தைச் சுமக்கிறது. ஃபேஸில் சென்றதும் நியூட்ரலில் திரும்பியதும் 30 மில்லிஆம்பியர் வேறுபட்டால் மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் வீட்டு ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆவது, சென்றதும் திரும்பியதும் சமமாக இருக்க வேண்டும் என்னும் கிர்க்காஃபின் மின்னோட்ட விதி உயிரைக் காப்பாற்றும் இடம்.

தமிழ்வழி மாணவன் எழுதியது:

நான் தமிழ்வழியில் படித்து இதே துறையில் பட்டம் பெற்றவன். ஆங்கிலம் எனக்குப் பெரிய தடையாக இருக்கவில்லை. இரண்டு மொழிச் சொற்களையும் எவரும் பக்கத்தில் வைத்துக் காட்டாததே தடையாக இருந்தது. மின்தடை (resistance), மின்மறுப்பு (reactance), மின்னெதிர்ப்பு (impedance) என்று பள்ளியில் மூன்று சொற்களைப் படித்திருந்தேன். பேச்சுத் தமிழில் மூன்றும் ஏறத்தாழ ஒன்றே. தடை ஆற்றலைச் சூடாக்கிவிடுகிறது, மறுப்பு வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது, இரண்டும் சேர்ந்ததே எதிர்ப்பு என்று ஓர் ஆசிரியர் இரண்டாமாண்டில் சொன்னபோதுதான் மாறுதிசை மின்சுற்று எனக்கு விளங்கியது. அந்த ஒரு வரி முதல் வாரத்தில் கிடைத்திருந்தால் ஓர் அரியர் குறைந்திருக்கும்.

மீட்டர் வாத்தியார் எழுதியது:

சாலிடர்க்காரர் சொன்னதை ஏற்கிறேன். முதல் வாரம் ப்ரெட்போர்டு, இரண்டாவது வாரம் மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மீட்டர் பயிற்சியைக் கொடுக்கும்போது ஒன்றை எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்: சிவப்பு விளக்கை எண்ணினால் போதும், மீட்டரின் மூடியையோ ஈய முத்திரையையோ எவரும் தொடக் கூடாது. என்னிடம் ஓர் ஆண்டு ஒருவன் முத்திரையோடு வந்து நின்றான்.