காவேரிப்பட்டணம் வீடு: குடும்பக் குழு

முருகன் (காலை 6:10): அண்ணா, சென்னைத் துறைமுகத்துக்கு வந்துவிட்டேன். உள்ளே போக முடியவில்லை. கண்டெய்னர் கதவில் தொங்கும் சீலின் எண் 8 என்று முடிகிறது. துறைமுகத்துக்குள் விடக் காட்டும் தாளான ஃபார்ம் 13-இல் 3 என்று அடித்திருக்கிறார்கள்.

அண்ணன்: யார் செய்த வேலை?

முருகன்: மாம்பழக் கூழ் ஆலையில்தான். திருத்தித் தரச் சொல்ல வேண்டும், போனை எடுத்தால்தானே! மதியம் தாண்டினால் இந்தக் கப்பல் இல்லை.

ராயபுரம் அத்தை: சாப்பிட்டாயா? வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வீட்டுக்கு வா.

முருகன்: விட்டுவிட்டு வர முடியாது அத்தை. 80 டிரம், ஒவ்வொன்றும் 215 கிலோ. நம் தோட்டத்துப் பெங்களூரா மாம்பழமும் அதற்குள்தான் இருக்கிறது.

அண்ணன்: எனக்கு இன்னும் காசு வரவில்லை. கூழ் மட்டும் கடற்கரை வரை போய்விட்டது.

கவிதா: பாட்டி கேட்கிறார், நம் ஊரும் பட்டணம்தானே, கப்பல் இங்கேயே வந்தால் என்ன என்று 😄

அண்ணன்: பேரில் காவேரி, ஓடுவது தென்பெண்ணை. அதிலும் அணை திறந்தால்தான் தண்ணீர்.

மாமா: சென்னையிலும் முதலில் வெறும் மணல்தான். கப்பல் தொலைவில் நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகில் மூட்டையும் ஆளும் நனைந்துகொண்டே கரை சேர வேண்டும். கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள், 1881 புயல் அடித்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். கண்டெய்னர் முனையம் வந்தது 1983-இல். அதுவரை என் வேலை சாக்கு எண்ணுவது. கனவிலும் எண்ணுவேன்.

அத்தை: துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரியை விட்டுவிட்டீர்களே! காலையில் கொடியில் போட்ட வெள்ளை வேட்டி மாலையில் சாம்பல் நிறம். தலையணை உறையை உதறினால் கறுப்புத் தூள். 2011-இல் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் நிலக்கரி எண்ணூருக்குப் போனது.

மாமா: எண்ணூர்த் துறைமுகத்தை 2001-இல் திறந்ததே அனல் மின் நிலையத்துக்குக் கரி இறக்கத்தான்.

அத்தை: நம் சம்பந்தி வீடு எண்ணூர். உங்கள் தூசியை எங்களுக்கு அனுப்பிவிட்டீர்கள் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்காட்டுகிறார். என்ன பதில் சொல்வது?

முருகன் (11:40): திருத்திய தாள் வந்துவிட்டது. உள்ளே போகிறேன்.

அண்ணன்: சீலைப் படம் எடுத்து வைத்துக்கொள்.

அத்தை: திரும்பும்போது கட்டாயம் வா. காசிமேட்டு நெத்திலிக் கருவாடு அம்மாவுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

கவிதா: மூன்று சுற்றுத் தாளில் கட்டச் சொல்கிறார் பாட்டி. போன முறை பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டே டிக்கெட் கொடுத்தாராம்.