ஐந்து வருடம் கழித்து மறுபடி படிக்க ஆரம்பிக்கிறேன், எதிலிருந்து தொடங்கலாம்?

இரவுவாசகி:
ஒரு காலத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவள் நான். வேலை, குழந்தை, போன் என்று அந்தப் பழக்கம் விட்டுப்போய் ஐந்து வருடம் ஆகிவிட்டது. போன மாதம் ஆசையோடு ஒரு பெரிய நாவலை எடுத்தேன், அறுபது பக்கம் தாண்டவில்லை, ஒவ்வொரு தடவையும் யார் யாருக்கு என்ன உறவு என்று பின்னால் போய்த் தேட வேண்டியிருந்தது. உங்களுக்கு ரொம்பப் பிடித்த நாவல் ஒன்றும், கதையல்லாத புத்தகம் ஒன்றும் சொல்லுங்களேன். நீளமான பட்டியல் வேண்டாம், ஏன் பிடித்தது என்று சொன்னால் போதும்.

பழைய அலமாரி:
பூமணியின் 'வெக்கை'. பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம், அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு அப்பாவோடு தலைமறைவாக அலையும் எட்டு நாட்கள்தான் மொத்தக் கதையும். முதல் பக்கத்திலேயே வெட்டு விழுந்துவிடுகிறது, அதனால் அடுத்து என்ன ஆகும் என்று நாம் பையனோடு ஓட ஆரம்பித்துவிடுவோம், ஆனால் போகப் போக மனதில் நிற்பது அந்த ஓட்டம் இல்லை, காட்டுக்குள் அப்பனும் மகனும் கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பதுதான். 'அசுரன்' படம் பார்த்திருந்தாலும் படியுங்கள். படத்தில் அப்பா நாயகன், நாவலில் எல்லாம் பையன் வழியாகவே நமக்கு வருகிறது. ஆட்கள் குறைவு, உறவுக் குழப்பமும் வராது.

கதையல்லாததில் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. தடிமனைப் பார்த்து மலைக்காதீர்கள், 122 அத்தியாயம், ஒவ்வொன்றும் சில பக்கம்தான், 1940இல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்தது என்பதால் இரவுக்கு ஒன்று என்று படிக்கத் தோதாக இருக்கும். ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தால் ஒரு மாணவனுக்கு இவ்வளவு அன்பு இருக்க முடியுமா என்று தோன்றும். அப்புறம் 1880இல் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் பகுதி. தான் படித்ததையெல்லாம் இவர் அடுக்குகிறார், அவர் அசையவே இல்லை, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்தக் கேள்விதான் இவரை ஏட்டுச்சுவடிகளுக்குள் இழுத்துப் போகிறது, 1887இல் சீவகசிந்தாமணி அச்சில் வருகிறது. நான் அந்த அத்தியாயத்தை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. 1942இல் அவர் மறைந்ததால் நூல் முடியாமலே நின்றுவிட்டது, கடைசிப் பக்கம் வந்ததும் ரொம்ப வருத்தமாக இருந்தது.

கடலோடி:
நாவலுக்கு என் ஓட்டு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர், இந்தோனேசியாவின் மேடான், மலேசியாவின் பினாங்கு, நடுவில் நாயகன் பாண்டியன். தமிழில் இதுபோல இன்னொன்று நான் படித்ததில்லை. அவர் எழுதியதே இரண்டு நாவல்தான் என்பதை நினைத்தால் இன்னும் ஆச்சரியம்.

பழைய அலமாரி:
எனக்கும் உயிர் அது. ஆனால் ஐந்து வருடம் கழித்து வருகிறவருக்கு முதல் புத்தகமாகக் கொடுக்காதீர்கள். நிகழ்காலம், நினைவு, பல ஊர்ப் பேச்சு எல்லாம் கலந்து வரும், இவர் சொல்லும் அதே அறுபதாவது பக்கத்தில் நின்றுவிடுவார். நாலைந்து புத்தகம் போகட்டும்.

கடலோடி:
சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் முதலில் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சின்னப் புத்தகம். குடமும் கையுமாக ஜமுனாவும் தங்கை சாயாவும் படும் பாடு, வாழ்க்கை வெறுத்துப்போன ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் கல்யாண வாழ்க்கையைச் சொல்லும் இடம். ஒரு வார்த்தை கூடுதலாக இருக்காது.

கதையல்லாததில் தொ. பரமசிவனின் 'பண்பாட்டு அசைவுகள்'. உப்பு, எண்ணெய், பல்லாங்குழி என்று தினமும் பார்த்த விஷயங்கள்தான், ஆனால் சம்பளம் என்ற சொல்லுக்குள் சம்பா நெல்லும் அளம் என்கிற உப்பும் இருப்பதாக அவர் சொல்வதைப் படித்த அன்று வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் திறக்கலாம்.

இரவுவாசகி:
இருவருக்கும் நன்றி. நேற்று ராத்திரி 'வெக்கை' ஆரம்பித்தேன், மூன்றாம் நாள் வரை வந்துவிட்டேன். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுத்தான் படித்தேன். இது முடிந்ததும் 'தண்ணீர்'.